துரை கேட்ட ஷாம்பூ

வெகு காலத்துக்கு முன்னே குன்றையூர்ச் சீமையைச் சிங்கமல்லு ராஜா என்றொருவர் ஆண்டுவந்தார். தங்கமான மனசுதான், ஆனால் மூக்குக்கு மேல் கோபம். ஒருநாள் அவர் சபைக்கு வெள்ளைக்காரத் துரையிடமிருந்து கடிதம் வந்தது. துபாஷி அழகியநம்பி அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசி வரியில் நின்றுவிட்டார்.

"'நாளை வந்து இறங்கியதும் முதல் காரியமாக என்னை ஷாம்பூ செய்யவேண்டும்' என்று எழுதியிருக்கிறார் மகாராஜா. அந்த ஒரு சொல் மட்டும் எனக்குத் தெரியவில்லை."

இன்றைக்குத் தலையில் தேய்க்கிறோமே, அந்த அர்த்தம் அப்போது பிறக்கவே இல்லை.

துபாஷி வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித்தரக் காத்திருந்த மந்திரி வல்லபராயர் துள்ளி எழுந்தார். "எனக்குத் தெரியும் பிரபு! முடிசூட்டுவது! தனக்கு முடிசூட்டச் சொல்கிறான். துபாஷி மறைக்கிறார்!"

ராஜாவுக்குக் கண் சிவந்தது. "வரட்டும். என் சிம்மாசனத்தை நெருங்கினால் வெட்டிப் போடுங்கள். துபாஷிக்கும் அதே கதி!"

நம்பிக்கு அன்று சோறு இறங்கவில்லை. தன் தலை போவது ஒரு பக்கம். துரைக்கு ஒன்று ஆனால் அவன் பட்டாளம் சும்மா விடுமா? ஊரே சாம்பலாகும். அன்றிரவு கைக்குழந்தையை மடியை விட்டு இறக்கவே இல்லை.

மறுநாள் துரை வந்தான். நான்கு நாள் குதிரைச் சவாரியில் நடையே கோணலாகிவிட்டிருந்தது. திரைக்குப் பின்னால் உருவிய வாள்கள். நம்பி முந்திக்கொண்டு இங்கிலீஷில் சொன்னார்: "நீங்கள் கேட்டது தயார் துரையவர்களே. அதைச் செய்துகொள்ள எப்படி இருப்பீர்களோ, அப்படியே இருந்து காட்டுங்கள்."

துரை முகம் மலர்ந்து முன்னால் வந்தான்.

"பாருங்கள், சிம்மாசனத்தில் ஏறப்போகிறான்!" என்று கூவினார் வல்லபராயர். ராஜாவின் கை உயர்ந்தது. நம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

துரை சட்டையைக் கழற்றினான். பூட்ஸை உதறினான். கம்பளத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு தோளைத் தட்டிக் காட்டினான்.

"முடிசூட்டிக்கொள்ள வந்தவன் குப்புறப் படுப்பானேன்?" என்றார் ராஜா.

வடக்கேயிருந்து வந்து அரண்மனையில் மல்லனாக இருந்த பன்வாரி விழுந்து விழுந்து சிரித்தான். "மகாராஜா, இது எங்கள் பக்கத்துச் சொல்! குஸ்தி முடிந்ததும் 'சாம்போ' என்போம். உடம்பை அழுத்திப் பிடித்துவிடு என்று அர்த்தம். துரைமார் அங்கே கேட்டுப் பழகித் தங்கள் பாஷையில் சேர்த்துக்கொண்டார்கள்."

உயர்ந்த கை இறங்கியது. "உடம்பு வலிக்கிறது என்றவனை வெட்டப் பார்த்தேனே!" என்ற ராஜா, முத்துமாலையைக் கழற்றி நம்பியின் கழுத்தில் போட்டார். "தெரியாததைத் தெரியாது என்றீரே, இனி நீர்தான் என் மந்திரி." பிறகு திரும்பினார். "வல்லபராயரே, எல்லாம் தெரிந்தவர் நீர். உட்காரும், துரைக்கு முடிசூட்டும்!"

வல்லபராயர் பட்டு அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு துரையின் முதுகைப் பிடித்துவிட்டார். சற்று நேரத்தில் துரை ஏதோ முனகினான்.

"என்னவாம்?" என்று கேட்டார் ராஜா.

"இன்னும் கொஞ்சம் அழுத்தச் சொல்கிறார், மகாராஜா" என்றார் நம்பி.