கஞ்சி நீலமாகும்வரை

சிலிக்கா தூளை நுண்ணோக்கியில் பார்த்தால் உடம்பெல்லாம் ஓட்டை. ஓட்டைக்குள் அயோடினை வாங்கி வைத்துக்கொண்டு, ஆறாத புண்மேல் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். ஊறவைத்த தூளைக் கடைசியில் ஸ்பிரிட்டில் ஒருமுறை அலச வேண்டும். உள்ளே போகாமல் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் அயோடின் அதில் போய்விடும், கூடவே பாதி நிறமும்.

ஆராய்ச்சி மாணவன் இளம்பரிதி அலசவில்லை. மருத்துவமனைக்காரர்கள் பார்க்க வருகிறார்கள், தூள் நல்ல பழுப்பாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். வெளுத்துப்போனதைக் காட்டினால் யார் நம்புவார்கள் என்று பயம். படித்தவன் செய்கிற முட்டாள்தனம் இப்படித்தான் இருக்கும்.

அந்தத் தூளைத்தான் கொளஞ்சியின் கால் புண்ணில் போட்டார்கள். மூட்டை தூக்கிப் பிழைக்கிறவர், சர்க்கரை வியாதிக்காரர். மேலே ஒட்டியிருந்த அயோடின் எல்லாம் ஒரேயடியாக இறங்கி, புண்ணைச் சுற்றித் தோல் வெந்துபோயிற்று. சீழ் பிடித்து, பாதி பாதத்தை எடுத்துவிட்டார்கள். இனி அவர் எங்கே மூட்டை தூக்குவது?

இளம்பரிதி ஆஸ்பத்திரிக்குப் போய் மன்னிப்புக் கேட்டான். வரும்போது முகம் தெளிந்திருந்தது. நேரே பேராசிரியர் திலகவதியின் அறைக்குப் போய், புதுத் தூளை ஒழுங்காக அலசியாயிற்று, அடுத்த நோயாளிக்குப் போடலாம் என்றான்.

அவர் சாப்பாட்டு அடுக்கைத் திறந்துகொண்டிருந்தார்.

“கொளஞ்சி அண்ணனே, ‘பரவால்ல தம்பி, விடு’ன்னு சொல்லிட்டாரு மேடம். அத்தோட முடிஞ்சுதுல்ல?”

அடுக்கிலிருந்த சோற்றுக் கஞ்சியைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, அதில் அவன் கொண்டுவந்த தூளை ஒரு சிட்டிகை போட்டார். பார்த்துக்கொண்டிரு என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

அயோடின் பட்டால் கஞ்சி நீலமாகிவிடும்; இது வெள்ளையாகவே இருந்தது. அவன் கால் மாற்றி நின்றான். கடிகாரத்தைப் பார்த்தான். அப்புறம் வரட்டுமா என்று கேட்டான். அவர் இருக்கச் சொன்னார்.

அவர் கை கழுவி வந்தபோது குவளையின் அடியில் லேசாக நீலம் தெரிந்தது. பார்க்கப் பார்க்க மேலேறி, கஞ்சி முழுக்கக் கறுநீலமாயிற்று.

அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “மெதுவாத்தான் விடுது மேடம். சரியா வந்திருக்கு.”

“கொளஞ்சி பக்கத்துல எவ்வளவு நேரம் இருந்த?”

“ஒரு டீ குடிக்கிற நேரம்.”

“அப்ப அவரு மனசுல மேல ஒட்டிக்கிட்டிருந்ததைத்தான் கேட்டுட்டு வந்திருக்க.”