கஸ்பாரின் தராசு

தூத்துக்குடி மாநகரில், கடலைப் பார்த்த மாடி வீட்டில் வசிப்பவரும், எடையளவுகளுக்கு அரசு முத்திரை இடும் ஆய்வாளராக இருந்து மாசு மறுவின்றி ஓய்வு பெற்றவரும், மரவேலை நண்பர் மன்றத்தின் ஆயுள் உறுப்பினருமான திருவாளர் சங்கிலிபூதம் அவர்கள், தமது அறுபத்தொன்பதாம் அகவையில், ஒரு முறையீட்டோடு ஆசிரியை செண்பகவல்லியின் முன் வந்து நின்றார்.

அவர் கையில் இரண்டு மரத்துண்டுகள் இருந்தன.

"தவறு யாருடையது என்று நீங்களே சொல்லிவிடுங்கள், அம்மா."

செண்பகவல்லி அவரைவிட மிக இளையவர். இரும்பு வார்ப்படச் சாலைக்கு மர அச்சுகள் செய்து கொடுத்துக் கை தேர்ந்தவர். ஞாயிறுதோறும் மன்றத்தார்க்கு உளி பிடிக்கக் கற்றுக்கொடுப்பவர். அங்கே பல் மருத்துவரும் அவருக்கு மாணவர். துறைமுகக் கணக்கரும் மாணவர். அளவு என்றால் தாமே என்று எண்ணியிருந்த சங்கிலிபூதமும் மாணவர்.

ஆசிரியை இழைப்புளியை நிறுத்தவில்லை.

"உட்காருங்கய்யா," என்றார்.

சங்கிலிபூதம் உட்காரவில்லை.

அந்த மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுக் கூட்டத்துக்கு முன்பாக உறுப்பினர்களைச் சீட்டுப் போட்டு இருவர் இருவராகச் சேர்ப்பார்கள். ஒரே பலகையில் அறுத்த இரண்டு துண்டுகளை ஆளுக்கொன்றாகக் கொடுப்பார்கள். ஒருவர் தம் வீட்டில் கழுந்து செதுக்க வேண்டும். மரத்தின் முனையில் நாக்குப் போல நீண்டு நிற்பது கழுந்து. மற்றவர் தம் வீட்டில் அந்த நாக்கு நுழைவதற்குரிய துளையைக் குடைய வேண்டும். அளவு இருவருக்கும் ஒன்றே. ஒருவர் செய்ததை மற்றவர் பார்க்கலாகாது.

கூட்டத்தன்று எல்லார் முன்னிலையிலும் இரண்டையும் சேர்க்க வேண்டும். சுத்தியல் கூடாது. சீவித் திருத்துவதும் கூடாது. கைவலு ஒன்றே துணை.

இதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'சம்பந்தம் பேசுதல்'.

கடந்த ஐப்பசியில் சங்கிலிபூதத்தின் பெயரோடு வந்த பெயர் கஸ்பார்.

கஸ்பார், முந்திரியும் முட்டையும் சேர்ந்த மக்ரூன் இனிப்பு விற்கும் கடைக்காரர். அவருடைய கடைத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை இட்டவர் சங்கிலிபூதமே. அப்படி வளர்ந்த நட்பு அது. ஊரெல்லாம் 'ஆபீசர் ஐயா' என்று அழைத்த மனிதரை 'வே பூதம்' என்று அழைக்கும் உரிமை கஸ்பார் ஒருவருக்கே இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு மன்றத்துக்குக் கை பிடித்து இழுத்து வந்தவரும் அவரே.

அன்று வெளியே அடைமழை. கஸ்பார் தம் துண்டின்மேல் ஒரு முழம் மல்லிகைச் சரத்தைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பெண் வீட்டார் வந்துவிட்டோம், மாப்பிள்ளையைக் காணோமே என்று கேட்டு, கூடியிருந்தவர்களைக் கலகலப்பாக்கினார்.

சங்கிலிபூதம் கழுந்தைத் துளையில் வைத்து அழுத்தினார்.

நுழையவில்லை.

தோளைக் கொடுத்து அழுத்தினார். அப்போதும் நுழையவில்லை.

"மாப்பிள்ளைக்கு உடம்பு கொஞ்சம் கூடிப்போச்சுவே, பூதம்," என்றார் கஸ்பார்.

எல்லாரும் புன்னகைத்தார்கள். சங்கிலிபூதத்துக்குச் சுருக்கென்றது. வாழ்நாளெல்லாம் பிறர் அளவில் குறை கண்டவர். தம் அளவில் குறை என்று பலர் நடுவே கேட்டறியாதவர்.

"என் அளவைச் சொல்லாதேயும். உம்ம கடைத் தராசை அத்தனை வருசம் பார்த்தவன் நான். உம்மகிட்ட எதுதான் குறையாம இருந்துச்சு?"

கூடம் அதிரச் சிரித்தது.

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். வேறு யார் சொல்லியிருந்தாலும் வேடிக்கையாகவே போயிருக்கும்.

கஸ்பார் சிரிக்கவில்லை. மரவேலைக்கு அணியும் மேலங்கியை அவிழ்த்தார். மடித்து மேசைமேல் வைத்தார். மழை விடுவதற்குக் காத்திராமல் இறங்கிப் போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

"என் கழுந்து பெரிசு என்று மனசில் வைத்துக்கொண்டு வராமல் இருக்கிறார்," என்று ஆசிரியையிடம் முறையிட்டார் சங்கிலிபூதம். "தவறு என்மேல் என்றால் போய் ஒப்புக்கொள்கிறேன். அவர்மேல் என்றால் பொறுத்துக்கொள்கிறேன். எப்படியாவது அவர் திரும்பி வர வேண்டும். அளந்து சொல்லுங்கள்."

ஆசிரியை இழைப்புளியைச் சாய்த்து வைத்தார். அளவுகோலை எடுக்கவில்லை.

"உங்க துண்டு வீட்டில எங்க இருந்துச்சு?"

கடலைப் பார்த்த சன்னலில் என்றார் அவர்.

"அவருது?"

அது ஊரறிந்த சேதி. கஸ்பார் தம் மரங்களையெல்லாம் கடையின் பரண்மேல்தான் வைப்பார். பரணுக்கு நேர் கீழே அடுப்பு.

ஆசிரியை இரண்டு துண்டுகளையும் வாங்கினார். சுவர் அலமாரியைத் திறந்து, ஒரே தட்டில் அருகருகே கிடத்தி, கதவைச் சாத்தினார்.

"ரெண்டும் கொஞ்ச நாள் ஒரே காத்தைக் குடிக்கட்டும்."

"தீர்ப்பு?"

"அலமாரி சொல்லும்."

கார்த்திகை போயிற்று. மார்கழி போயிற்று. மன்றம் தன் போக்கில் நடந்தது. நூலகத்துக்கு இரண்டு பெஞ்சு செய்து கொடுத்தார்கள். எந்தப் பசை நல்லது என்று இரண்டு ஞாயிறு வாதாடினார்கள். இடைவேளைத் தேநீரின்போது மட்டும் யாராவது ஒருவர் பெருமூச்சு விடுவார். கஸ்பார் வந்தால் உடைந்த மக்ரூன் ஒரு பொட்டலம் வரும். இப்போது தேநீர் வெறும் தேநீராகிவிட்டது என்பார். அவர் ஏன் வரவில்லை என்று எவரும் கேட்டதில்லை.

சங்கிலிபூதம் அந்தப் பேச்சு வரும்போது எழுந்து போய்த் தம் உளியைத் தீட்டுவார்.

மாசியில் காற்று மாறிற்று. ஆசிரியை அலமாரியைத் திறந்து துண்டுகளை அவரிடம் நீட்டினார்.

சங்கிலிபூதம் கழுந்தைத் துளைமேல் வைத்தார். கட்டைவிரலால் மெல்லத் தள்ளினார்.

புறா தன் கூட்டுக்குள் போவதுபோல் அது உள்ளே போயிற்று.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இடையில் மயிரிழை இடைவெளி இல்லை.

அவருடைய துண்டு கடற்காற்றில் ஊதியிருந்தது. கஸ்பாரின் துண்டு அடுப்புச் சூட்டில் வற்றியிருந்தது. அளவு இருவருடையதும் சரி.

"ரெண்டு பேரும் சரியம்மா," என்றார். குரல் குழந்தையினுடையதைப் போல் இருந்தது. "இப்போதே போய் அவரிடம் சொல்கிறேன்."

"என்னன்னு?"

"அளவு சரியாக இருந்தது என்று."

ஆசிரியை அவர் முகத்தையே பார்த்தார்.

"அளவுக்காகவாய்யா அவரு எந்திரிச்சுப் போனாரு?"

சேர்ந்த துண்டு சங்கிலிபூதத்தின் கையில் திடீரென்று கனத்தது.

அதை அங்கேயே மேசைமேல் வைத்துவிட்டு, வெறுங்கையோடு கடைக்கு நடந்தார்.

கடையில் மக்ரூன் வாசம் தெருமுனை வரைக்கும் வீசிற்று. கஸ்பார் தராசின் பின்னால் நின்றுகொண்டிருந்தார். இளைத்திருந்தார்.

"வாங்க சார்," என்றார்.

'வே பூதம்' என்று அழைக்கவில்லை. கஸ்பார் ஓங்கி அறைந்திருந்தால்கூடச் சங்கிலிபூதம் தாங்கியிருப்பார்.

வழி நெடுக அடுக்கிவைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றும் வாயில் வரவில்லை. அன்று சொன்னது பிழை என்றார். வாய் முந்திக்கொண்டது என்றார். மன்னிக்க வேண்டும் என்றார். கடைப் பையன் பார்த்துக்கொண்டிருந்தான். அதைப் பற்றியும் அவர் கவலைப்படவில்லை.

கஸ்பார் ஒரு பொட்டலத்தை நூலால் கட்டி முடித்தார்.

"மன்னிக்கதுக்கு என்ன சார் இருக்கு. என் தராசு எப்படின்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். தெரிஞ்ச ரெண்டு பேரு தெரிஞ்சதையே பேசி என்ன ஆவப்போவுது?"

சங்கிலிபூதம் தலை குனிந்து நின்றார்.

"நம்ம மன்றத்து ஆளு ஒருத்தரு வந்தாரு. கால் கிலோ கேட்டாரு. குனிஞ்சு தராசு முள்ளைப் பாத்தாரு. சும்மாத்தான் பாத்தாரு. ஆனா இத்தன வருசமா பாக்காதவரு."

கஸ்பார் தராசுத் தட்டைத் துணியால் துடைத்தார். அதில் துடைப்பதற்கு ஒன்றும் இல்லை.

"எங்கிட்ட வேண்டாம் சார். அன்னைக்குச் சிரிச்சாங்கள்லா, அவங்ககிட்டச் சொல்லுங்க."

சங்கிலிபூதம் பல நாள் உறக்கமின்றிப் புரண்டார். தம் முத்திரையில் பிழை என்று அவர் எழுதிக் கொடுத்ததில்லை. தம் சொல்லில் பிழை என்று சபையில் நின்றதுமில்லை. ஆயினும் பங்குனி மாதக் கூட்டத்தில், சலவைச் சட்டை அணிந்து, வேறு எந்தப் பொருளும் எடுக்கப்படுமுன் எழுந்து நின்றார்.

"ஐப்பசிக் கூட்டத்தில் நான் கஸ்பார் அவர்களின் தராசைப் பற்றி ஒரு சொல் சொன்னேன். அது பொய். நானே முத்திரை இட்ட தராசு அது. ஒரு முறைகூட அதில் குறை கண்டதில்லை. நீங்கள் எல்லாரும் கேட்டுச் சிரித்தீர்கள். இப்போது இதையும் கேளுங்கள்."

கூடியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பல் மருத்துவர், எப்போது சொன்னீர்கள் என்று கேட்டார். அன்று பெய்த மழை அவருக்கு நினைவிருந்தது. துறைமுகக் கணக்கருக்கு மல்லிகைச் சரம் நினைவிருந்தது. ஏதோ ஒரு சோடி சேரவில்லை என்பதும் ஒருவருக்கு நினைவிருந்தது. அந்தச் சொல் யாருக்கும் நினைவில்லை.

"நீங்க அப்படில்லாம் பேசுத ஆளே கிடையாதே, சார்," என்று பல் மருத்துவர் தேற்றினார். "கஸ்பார் அண்ணாச்சிக்கு மூட்டுவலி. அதான் வரல. நீங்களா எதையாவது போட்டுக் குழப்பிக்கிடாதீங்க."

அந்த மாதம் புதிதாகச் சேர்ந்த ஓர் உறுப்பினர் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து, அந்த மக்ரூன் கடைத் தராசில் என்ன கோளாறு என்று கேட்டார். மெல்லத்தான் கேட்டார். சங்கிலிபூதத்தின் காதில் அது விழுந்தது.

அடுத்து மரம் தேய்க்கும் அரத்தாள் வாங்குவது பற்றிப் பேசினார்கள்.

கூட்டம் கலைந்தது. ஆசிரியை செண்பகவல்லி சீவல்களைப் பெருக்கிக்கொண்டிருந்தார். சங்கிலிபூதம் காலியான நாற்காலிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்.

"சொல்லிப் பார்த்தேன், அம்மா. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. சொன்னவனுக்கு நினைவிருக்கிறது. பட்டவருக்கு நினைவிருக்கிறது. சிரித்தவர் ஒருவருக்கும் நினைவில்லை. இனி நான் யாரிடம் போய்ச் சொல்வது?"

துடைப்பம் நின்றது.

"எனக்கு நினைவிருக்கு," என்றார் ஆசிரியை.

சங்கிலிபூதம் நிமிர்ந்து பார்த்தார்.

"நானும் சிரிச்சேன்யா. கண்ணுல தண்ணி வாரது வரைக்கும் சிரிச்சேன்."

தெருவில் உப்பு லாரி ஒன்று போயிற்று.

சங்கிலிபூதம் சட்டையை நேராக்கிக்கொண்டார். அவர் மாணவர்; எதிரே நின்றவர் ஆசிரியை. ஆயினும் அன்று ஆசிரியைதான் தலை குனிந்து நின்றார்.

"கஸ்பாரின் தராசு ஒரு நாளும் குறைய நிறுத்ததில்லை," என்றார் சங்கிலிபூதம்.

"கேட்டுக்கிட்டேன்," என்றார் ஆசிரியை.

கஸ்பார் அதன் பிறகும் மன்றத்துக்கு வரவில்லை. ஆயினும் அந்த வழக்கு முடிந்தது பங்குனித் திங்கள் இருபத்திரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை.