மந்தி இருக்கும் மரத்தடியில் மான் நிற்பது ஏன்?

மிருகங்கள் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மலையடிவாரத்து அத்திமரம் ஒன்றில் மந்திகள் பள்ளிக்கூடம் வைத்திருந்தன. கிளைக்குக் கிளை தாவுவதுதான் பாடம். கொடிச்சி என்ற மந்தி ஆசிரியை.

ஒரு வருடம் மழை பொய்த்தது. பாடத்தின்போது ஒரு குட்டி பிடி நழுவிக் கீழே விழப் பார்த்தது. விசாரித்தால், முந்தின நாளிலிருந்து சாப்பிடவில்லை என்றது. கொடிச்சி மரம் மரமாகப் போய், அங்கிருந்த மந்திகளிடம் கொஞ்சம் பழமும் தளிரும் கேட்டு வாங்கிவந்து, ஒரு பொந்தில் சேர்த்துவைத்தாள். அதன்பின் குட்டிகள் தின்றுவிட்டுத்தான் தாவின.

தும்பை என்ற குட்டி மட்டும் தன் பங்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அம்மா கைக்குழந்தையோடு பட்டினி கிடக்கிறாளாம். மறுநாளே தாய்மார்களையும் வரச் சொல்லிவிட்டாள் கொடிச்சி. இடம் போதாமல் பக்கத்துப் பொந்தையும் சுத்தம் செய்தார்கள்.

அவர்கள் சிந்திய தோலையும் காம்பையும் கீழே ஒரு புள்ளிமான் பொறுக்கித் தின்றது. அவள் பெயர் பூவாத்தா. புல் கருகிவிட்டது, மரத்துத் தழை அவளுக்கு எட்டாது. பால் வற்றிப்போனதால் அவளுடைய கன்று எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் கிடந்தது.

மான்களுக்கும் கொடுக்கலாம் என்று கொடிச்சி சொன்னபோது, மந்திக் கூட்டத்தின் தலைவன் கருவாயன் ஒத்துக்கொள்ளவில்லை. இருப்பதே போதவில்லை என்றான். அதுவும் உண்மைதான்.

"இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சேர்த்தது, கொடிச்சி. மானுக்கு இதில் என்ன பாத்தியதை?"

"அதுவும் பிள்ளைதானே, அண்ணா. மரம் ஏறத் தெரியாத பிள்ளை."

சொல்லிவிட்டு, பொந்துகளில் இருந்ததையெல்லாம் வாரிக் கீழே போட்டாள்.

மறுநாள் காலை குட்டிகள் வெறும் பொந்தைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தன. கொடிச்சி மரத்தைச் சுற்றிப் பார்த்தாள். பெரிய மந்திகளின் பாரத்தைத் தாங்காத நுனிக்கிளைகளில் மட்டும் கொஞ்சம் பழம் மிச்சமிருந்தது. அன்றைய பாடத்தை அங்கே வைத்தாள். குட்டிகள் தாவிப் போய்ப் பறித்தன. பாதியைத் தின்று, பாதியைக் கீழே போட்டன.

சில நாளில் கன்று எழுந்து நின்று பால் குடித்தது. அதை மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கருவாயன், தழையோடு ஒரு கிளையை ஒடித்துக் கீழே போட்டான். பிறகு காட்டுக்கோழிகளும் பன்றிகளும் வந்தன. யாரையும் யாரும் விரட்டவில்லை.

கடித்த பழத்தை முழுதும் தின்னாமல் மந்திகள் கீழே போடுவது அன்று தொடங்கிய வழக்கம்தான். அவை இருக்கும் மரத்தடியில் இன்றும் மான்கள் வந்து நிற்கின்றன.