தில்லைநாயகி பேருக்கு வந்த பிரசாதம்

மலைச்சரிவில் ஒரு சின்ன ஆசிரமம். மேலே அம்பாள் சன்னதி, கீழே ஒரு தெரு, நடுவில் கருங்கல் படிகள்.

ஆசிரமத்தை நடத்தியவர் ஞானாம்பாள். அவருக்கு நாற்பத்தைந்து வயதுதான் இருக்கும். அவருடைய சிஷ்யை தில்லைநாயகிக்கு அறுபது தாண்டிவிட்டது. சிஷ்யை குருவை "அம்மா" என்பாள். குரு சிஷ்யையை "அக்கா" என்பார். புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரித்துக்கொள்வார்கள்.

கணவர் போன பிறகு தில்லைநாயகி இங்கே வந்து சேர்ந்தாள். பிள்ளைகள் வெளியூரில் நன்றாக இருக்கிறார்கள். விடியும் முன்னே எழுந்து சன்னதி பெருக்குவாள். அபிஷேகத்துக்குக் கிணற்றில் தண்ணீர் சேந்துவாள். அவள் குடத்தைத் தொடாமல் அம்பாள் நீராடிய நாள் கிடையாது.

ஒரு ஆடி மாதம் அவளுக்கு ரத்தப் புற்று என்று தெரிந்தது. மெதுவாக நகரும் வகை, பல வருஷம் சும்மாவே இருந்தாலும் இருக்கும் என்றார் டாக்டரம்மா. இப்போது மருந்து வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து சோதனைக்கு ரத்தம் கொடுங்கள், அதுவரை காத்திருப்போம் என்றார்.

தில்லைநாயகி காத்திருக்கத் தொடங்கினாள்.

சமையல்கட்டைப் பார்த்துக்கொள்ளும் கோமளா அவள் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கினாள்.

"இனிமே இதைத் தொட்டீங்க, நான் அடுப்பை அணைச்சிட்டு எங்க ஊருக்குப் போயிடுவேன்."

"உங்க ஊர்ல யாருடி இருக்கா உனக்கு?"

"யாரும் இல்லை. அதனாலதான் சொல்றேன், உக்காருங்க."

யாரோ ஒரு பிரம்பு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். மகன் போனில், "ஒண்ணும் செய்யாதேம்மா, நல்லா சாப்பிடு, ரெஸ்ட் எடு" என்றான். குடத்தை வேறொருத்தி எடுத்துக்கொண்டாள்.

விஷயம் கீழ்த்தெருவுக்கும் போய்விட்டது. வெள்ளிக்கிழமைதோறும் யாராவது அவள் பேருக்கு அர்ச்சனை செய்தார்கள். நெய் மிதக்கும் சர்க்கரைப் பொங்கல், பஞ்சாமிர்தம், பால் பாயசம் எல்லாம் நாற்காலியைத் தேடி வந்தன. பிரசாதத்தை மறுக்கக் கூடாது என்று வளர்ந்தவள் அவள். ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்காமல், கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டாள்.

ஐப்பசியில் ஞானாம்பாள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டரம்மா தாளைப் பார்த்தார். பிறகு தில்லைநாயகியின் காலைப் பார்த்தார்.

"ரத்தம் போன தடவை மாதிரியேதான் இருக்கு. சர்க்கரைதான் ஏறியிருக்கு. எடையும் ஏறியிருக்கு. ஆனா தொடையில சதையே இல்லை. என்னம்மா பண்றீங்க நாள் முழுக்க?"

"காத்திருக்கேன் டாக்டர்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "நாளைக்கு மருந்து ஆரம்பிக்கிற நிலை வந்தா, அதைத் தாங்குற உடம்பு வேணும். எனக்கு இப்போ அதுதான் கவலை."

"நடக்கலாமா?" என்று கேட்டார் ஞானாம்பாள்.

"நடக்கணும். முடிஞ்ச அளவு எதையாவது தூக்கட்டும். களைப்பா இருந்தா உக்காந்துட்டு மறுபடி நடக்கட்டும். காய்ச்சல் வந்தா மட்டும் உடனே இங்கே கூட்டிட்டு வந்துடுங்க."

திரும்பி வந்தார்கள். முன்பெல்லாம் குடத்தோடு ஏறிய படிகளில் தில்லைநாயகி அடிக்கடி உட்கார வேண்டியிருந்தது. பாதிப் படியில் மூச்சு வாங்கக் கேட்டாள்.

"அம்மா, எனக்கு இன்னும் எவ்வளவு நாள்?"

ஞானாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் முந்தானையில் ஒட்டியிருந்த காய்ந்த இலையை எடுத்துப் போட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல் அர்ச்சனை நடந்தது. கோமளா பொங்கலைக் கிண்ணத்தில் வைத்துக் கொண்டுவந்தாள். ஞானாம்பாள் அதை வாங்கினார். நெல்லிக்காய் அளவு எடுத்துத் தில்லைநாயகியின் உள்ளங்கையில் வைத்தார். மீதியை ஒரு தூக்குவாளியில் போட்டார். பானையிலிருந்து இன்னும் இரண்டு கரண்டி போட்டு மூடினார்.

"கீழ்த்தெருவில கடைசி வீடு. மாசிலாமணின்னு ஒருத்தர். பஸ் கண்டக்டரா இருந்தவர். இடுப்பெலும்பு முறிஞ்சு படுத்திருக்கார். படி ஏறி வர முடியாது. கொடுத்துட்டு வாங்க."

தில்லைநாயகியின் முகம் மாறியது. அவளுக்குக் குருவின் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. ஆனாலும் கேட்டுவிட்டாள்.

"அம்மா, இது என் பேருக்குப் பண்ணின அர்ச்சனை. நான் பிழைக்கணும்னு வேண்டிக் கொடுத்தது. இன்னொருத்தருக்குக் கொடுத்தா பலனும் போயிடாதா?"

"போகட்டும். யார்கிட்ட போகுதுன்னு பார்த்துட்டு வாங்க."

"என்னால அவ்வளவு தூரம் முடியுமா?"

"களைச்சா உக்காருங்க. பிரசாதம் இருக்கிற பாத்திரம், தரையில வைக்கக் கூடாது. மடியில வச்சுக்கோங்க."

கோமளா இடையில் வந்தாள். "அம்மா, நான் ஓடிப் போய்க் கொடுத்துட்டு வந்துடறேன்."

"உனக்கு அடுப்பு இருக்கு" என்றார் ஞானாம்பாள்.

தில்லைநாயகி இறங்கினாள். தூக்குவாளி கையை இழுத்தது. கை மாற்றிக்கொண்டாள். இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். கண்ணில் நீர் வந்தது. அம்மாவுக்கும் நான் பாரமாகிவிட்டேன் போல என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசி வீட்டில் ஒரு பெரியவர் சன்னலோரம் கட்டிலில் கிடந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். பக்கத்தில் ஒரு தட்டில் இட்லி காய்ந்து கிடந்தது.

"யாரும்மா?"

"ஆசிரமத்திலேர்ந்து. பிரசாதம்."

"மேலே எனக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்லையே."

"எனக்கும் கீழே யாரும் இல்லை. சர்க்கரை ஏதும் இருக்கா உங்களுக்கு?"

"சர்க்கரை இல்லை. கொழுப்பு இருந்துச்சு, அதுவும் வாயிலதான். இப்போ அதுவும் இறங்கிப்போச்சு."

தில்லைநாயகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கை கழுவிக்கொண்டு அவருக்கு ஊட்டினாள். ஒவ்வொரு வாயாக, நிதானமாகச் சாப்பிட்டார். மருமகள் உள்ளேயிருந்து வந்து நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"ரெண்டு நாளா என் கையால ஒரு வாய் வாங்கலைம்மா" என்றாள் மெதுவாக.

தில்லைநாயகி கிளம்பும்போது மாசிலாமணி இரண்டு விரலை வாயில் வைத்து இரண்டு விசில் அடித்தார்.

"இது எதுக்கு?"

"ஒரு விசில்னா வண்டி நிக்கணும். ரெண்டுன்னா போகணும். இத்தனை வருஷம் நின்னுக்கிட்டே வேலை பார்த்தவன், படுத்துக்கிட்டு விசில் அடிக்கிறேன் பாரு. நாளைக்கும் இந்த வண்டி வருமா?"

அவள் யோசித்தாள். "வரும்."

வெள்ளிக்கிழமை பொங்கல். மற்ற நாளில் கோமளா சுண்டலோ, பருப்பு சாதமோ தூக்குவாளியில் போட்டுத் தந்தாள். தில்லைநாயகிக்கும் அதே சுண்டல்தான், அதே பருப்புதான். மாசிலாமணியின் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, பிரசவித்த பெண் ஒருத்தி இருந்தாள். எதிர்வரிசையில் கண் தெரியாத ஒரு அம்மாள். வாளி ஒன்று இரண்டாயிற்று, கைக்கு ஒன்று.

சில நாள் உடம்பு ஈயமாகக் கனக்கும். அந்த நாளில் பாதிப் படியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருப்பாள். சன்னலிலிருந்து மாசிலாமணிக்கு அந்தப் படி தெரியும். அவர் அவசரப்படுத்தமாட்டார். அவள் எழுந்த பிறகுதான் இரண்டு விசில் கேட்கும்.

ஒரு நாள் காய்ச்சல் வந்தது. ஞானாம்பாள் உடனே ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். சில நாள் அங்கேயே படுக்க வேண்டியிருந்தது. அந்த நாட்களில் வாளிகளைக் கோமளா தூக்கிப் போனாள்.

"என்ன சொன்னார் அவர்?" என்று படுக்கையிலிருந்து கேட்டாள் தில்லைநாயகி.

"அந்த டிரைவரம்மா வர்ற வரைக்கும் ஸ்பேர் டிரைவரை வச்சு ஓட்டுறோம்னார். எனக்குக் கோபமான கோபம். நான் ஸ்பேராம்."

"சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டார். இப்போ கட்டில்ல உக்காந்து சாப்பிடறார். நீங்க வரும்போது சுவரைப் பிடிச்சு நின்னு காட்டணுமாம். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னார்."

காய்ச்சல் விட்டது. டாக்டரம்மா சரி என்ற பிறகு அவள் பாதிப் படி வரை போனாள். பிறகு ஒரு வாளியோடு தெரு வரை. பிறகு பழையபடி.

தை மாதம் மறுபடி ரத்தம் கொடுக்கிற நாள் வந்தது. டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, நாற்காலியைப் பிடிக்காமல் எழுந்து நிற்கச் சொன்னார். தில்லைநாயகி நின்றாள். உட்காரச் சொன்னார். மறுபடி நிற்கச் சொன்னார்.

"சர்க்கரை இறங்கியிருக்கு. கால்ல பலம் வந்திருக்கு. ஆனா வெள்ளணு இந்தத் தடவை கொஞ்சம் கூடியிருக்கு. மருந்து ஆரம்பிக்க வேண்டி வரலாம். வராமலும் போகலாம். அடுத்த தடவை பார்த்துட்டுச் சொல்றேன்."

"வந்தா, தாங்குவாங்களா?" என்று கேட்டார் ஞானாம்பாள்.

"இந்த உடம்புக்கு மருந்து கொடுக்க எனக்குப் பயமில்லை."

மறுநாள் வெள்ளிக்கிழமை. யாரோ அவள் பேருக்கு அர்ச்சனை செய்திருந்தார்கள். கோமளா இரண்டு வாளியையும் நிரப்பி வைத்தாள். தில்லைநாயகி நெல்லிக்காய் அளவு பொங்கலை வாயில் போட்டுக்கொண்டு, வாளிகளை எடுத்துக்கொண்டு படிகளின் உச்சிக்கு வந்தாள். முதல் படியில் நின்றுவிட்டாள்.

ஞானாம்பாள் சன்னதி வாசலில் பூ தொடுத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா."

"சொல்லுங்க அக்கா."

"அன்னைக்கு ஒண்ணு கேட்டேன். நீங்க பதில் சொல்லலை."

"ஆமா."

"ராத்திரியெல்லாம் அதே நினைப்புதான். கூடியிருக்குங்கறாங்க. வரலாம், வராமலும் போகலாம்ங்கறாங்க. இன்னும் எவ்வளவு நாள்னு உங்களுக்காவது தெரியுமா அம்மா?"

ஞானாம்பாள் பூவைக் கீழே வைத்தார். எழுந்து வந்தார். வாளியின் மூடி சற்றே விலகியிருந்தது. ஆவி வந்துகொண்டிருந்தது. மூடியை அழுத்தி மூடினார். அவள் நெற்றியில் கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டார்.

"பொங்கல் ஆறுது, அக்கா."