கார் கன்று போட்டால் யாருக்கு?

இந்தக் கதையை எனக்கு முதன்முதலில் சொன்னது செவந்தியம்மாள். என் மூத்தவளுக்குத் தலைப்பிரசவம் ஆன பங்குனி மாதம் அது. ஆஸ்பத்திரி வராண்டாவில் எனக்குப் பக்கத்துப் பெஞ்சில் அவளும் தன் மருமகளுக்காகக் காத்திருந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு நூற்றெட்டுத் தடவை சாமி பேரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுபது வந்தபோது இவள் கதையை ஆரம்பித்துவிட்டாள். சிரித்த சிரிப்பில் எண்ணிக்கை தவறி, மறுபடி ஒன்றிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. சாமிக்கும் கதை காதில் விழுந்திருக்கும் போல, கோபித்துக்கொள்ளவில்லை. பேத்தி சுகமாகப் பிறந்தாள்.

மணலூத்து என்று ஒரு ஊர். செவ்வாய்க்கிழமைதோறும் அங்கே மாட்டுச் சந்தை கூடும். அந்தச் சந்தையில் தரகு பார்க்கிற அண்ணன் தம்பி மூன்று பேர்: கொண்டல்சாமி, அய்யாக்குட்டி, சீனிச்சாமி. மாட்டைப் பற்றி எது கேட்டாலும் சொல்வார்கள். வேறு எதைக் கேட்டாலும் மாட்டைப் பற்றித்தான் சொல்வார்கள். கடவுள் எல்லாருக்கும் அளந்துதான் மூளை வைக்கிறார். இந்த வீட்டுக்கு அளக்கும்போது மட்டும் படி கவிழ்ந்திருக்க வேண்டும்.

மூத்தவன் கொண்டல்சாமிக்கு நாற்பத்திரண்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. ஒன்பது வீட்டில் பெண் பார்த்தான். ஒன்பது வீட்டிலும் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பத்தாவதாக ஓர் இடம் கொண்டுவந்தார் கல்யாணத் தரகர் பிச்சுமணி. ஆலங்கரடு தவசிலிங்கத்தின் ஒரே மகள், பெயர் செண்பகவடிவு. போட்டோவைப் பார்த்த அன்றிலிருந்து கொண்டல்சாமி தினமும் இரண்டு வேளை குளித்தான்.

"இதுதான் கடைசி வீடு, கொண்டல்சாமி. இதுக்கு மேல என் நோட்டுல வீடு கிடையாது" என்றார் பிச்சுமணி. "மாப்பிள்ளை வீட்டுல கப்பல் மாதிரி ஒரு வெளிநாட்டுக் கார் நிக்குதுன்னு சொல்லி வச்சிருக்கேன். ஆவணி முதல் ஞாயிறு, பத்தரைக்கு மேல நல்ல நேரம். காரோட போய் நிக்கணும்."

"எங்ககிட்ட கார் இல்லையேண்ணே."

"வாங்கச் சொல்லலையே. மதுரையில குத்தகைக்கு விடுறான். கார் அவனோடது, வச்சு அனுபவிக்கிறது நீ. காலம் முடிஞ்சதும் திருப்பி விட்டுடணும்."

கொண்டல்சாமிக்கு முகம் மலர்ந்தது. "அட, வாரத்து மாடு மாதிரி."

வைத்துப் பார்க்க முடியாதவர்கள் தங்கள் மாட்டை இன்னொருவர் தொழுவத்தில் வளர்க்க விடுவதுண்டு. மாடு கொடுத்தவருக்கு, போடுகிற கன்றில் பங்கு வளர்ப்பவருக்கு. அதைத்தான் வாரம் என்பார்கள். இந்த மூன்று பேருக்கும் உலகத்தில் அது ஒன்றுதான் குத்தகை.

பிச்சுமணி அவர்களை உட்கார வைத்துப் புத்தி சொன்னார். "காரைப் பார்த்ததும் பிடிச்சிருக்குன்னு முகத்துல காட்டிராதீங்க. பேச்சு படியலைன்னா எழுந்து நடந்துருங்க, அவனே பின்னாடியிருந்து கூப்பிடுவான். எது எப்படிப் போனாலும் ஒரே ஒரு விஷயத்துல மட்டும் விட்டுக்கொடுத்துராதீங்க." எந்த விஷயம் என்று சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டார்.

கார்க்கடையில் சுவரெல்லாம் கண்ணாடி. நடுவில் கறுப்பாக, எண்ணெய் தேய்த்த எருமை மாதிரி மின்னிக்கொண்டு நின்றது கார். முகத்தில் காட்டக் கூடாதல்லவா? மூன்று பேரும் காருக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்கள்.

மேலாளர் ஞானதுரை ஓடி வந்தார். "சார், கார் இந்தப் பக்கம்."

"தெரியும்" என்றான் கொண்டல்சாமி, சுவரிடம்.

"பிடிச்சிருக்கா சார்?"

"அது எங்க முகத்தைப் பார்த்தா உங்களுக்குத் தெரியாது" என்றான் சீனிச்சாமி பெருமையாக.

பார்க்காமல் பிடிக்கவும் முடியாது. அய்யாக்குட்டி பின்னால் நடந்தே காரிடம் போய், கையைப் பின்புறமாக விட்டுத் தடவினான். "கொம்பு இல்லண்ணே. வாலும் இல்லை. நெத்தியில மட்டும் வட்டமா ஒரு சுழி இருக்கு."

"நெத்திச் சுழியா? அப்ப போற வீட்டுல கல்யாணம் நடக்கும்டா." கொண்டல்சாமிக்குக் கண் கலங்கியது. அதையும் முகத்தில் காட்டக் கூடாதென்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

மேலாளர் அவர்களை உட்கார வைத்து, அச்சடித்த தாளைப் பார்த்து மாத வாடகையைச் சொன்னார். சொன்ன மறு நொடி மூவரும் எழுந்து நடந்தார்கள். அப்போது பார்த்து அவர் தண்ணீர்ப் பாட்டிலை வாயில் கவிழ்த்திருந்தார். கூப்பிடவில்லை.

"கூப்பிட்டானாடா?"

"இன்னும் இல்லண்ணே."

"மெதுவா நட. பாவம், அவனுக்கும் தொண்டை சரியாகணும்."

காதைப் பின்னால் வைத்துக்கொண்டு நடந்தார்கள். பஸ் ஸ்டாண்டு போயிற்று, பாலம் போயிற்று, டோல்கேட் போயிற்று. விளக்கு வைக்கிற நேரத்துக்கு மணலூத்துக்கே வந்து சேர்ந்துவிட்டார்கள். மறுநாள் முதல் பஸ்ஸில் போய் மேலாளர் முன்னால் நின்றான் கொண்டல்சாமி.

"நேத்து நாங்க எழுந்து போனப்ப ஏன் கூப்பிடல? நாலு பேரு வந்து போற கடை. ஒரு முறை மரியாதை வேண்டாமா?"

"தப்புதான் சார்."

"சரி, இப்பக் கூப்பிடுங்க." மூவரும் வாசல்வரை போனார்கள். மேலாளர் கூப்பிட்டார். திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

சந்தையில் பேரம் வாயால் நடக்காது. துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். அய்யாக்குட்டி துண்டை வீசி மேலாளரின் கையை மூடி, உள்ளே விட்டுப் பிடித்தான். மேலாளர் பயத்தில் விறைத்துப் போனார்.

"அஞ்சு விரலையும் நீட்டுறான்ண்ணே. கறாரான ஆளு."

அரைமணி நேரம் பிடித்து இழுத்து மடக்கியும் அந்தக் கை மடங்கவில்லை. கடைசியில் தாளில் அச்சடித்திருந்த அதே வாடகைக்கு ஒத்துக்கொண்டு, ஜெயித்துவிட்டோம் என்று மீசையைத் தடவிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு கொண்டல்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தான். "இப்பத்தான் முக்கியமான பேச்சு. கன்னு யாருக்கு?"

"எந்தக் கன்னு சார்?"

"போடுற கன்னு."

"சார், இது கார்."

"தெரியுதுங்க. நாங்க என்ன முட்டாளா? கார் போடுற கன்னு யாருக்குன்னுதான் கேக்குறோம்."

மேலாளர் மூன்று முகத்தையும் பார்த்தார். ஒன்றிலும் சிரிப்பு இல்லை. அந்த மாதம் அவர் ஒரு கார்கூடக் குத்தகைக்கு விடவில்லை. உள்ளே போய் மேலிடத்துக்குப் போன் போட்டார். வெகு நேரம் கழித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே வந்தார்.

"முதல் கன்னு கம்பெனிக்கு, ரெண்டாவது உங்களுக்கு. அதுதான் மேல சொல்றாங்க."

ஒரே ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று பிச்சுமணி சொன்னது இதைத்தான் என்று கொண்டல்சாமிக்குப் பளிச்சென்று புரிந்தது. "அத்தனை கன்னும் எங்களுக்குத்தான். இல்லேன்னா எழுந்துருவோம்."

"எழுந்துராதீங்க சார்" என்றார் மேலாளர் அவசரமாக. பூர்வீகச் சொத்து போகிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார். "அப்ப மூணு வருஷக் குத்தகையை அஞ்சு வருஷமாக்கிக்கலாமா?"

"ஆக்கிக்கோங்க."

"என்ன பழுது வந்தாலும் செலவு உங்களோடது."

"இருந்துட்டுப் போகட்டும்."

ஒப்பந்தத்தின் அடியில் பேனாவால் எழுதிச் சீலும் குத்திக் கொடுத்தார்: மேற்படி வண்டி ஈனும் கன்றுகள் அனைத்தும் வாடகைதாரருக்கே சொந்தம். அன்று சாயங்காலம் அந்தக் கடையில் எல்லாருக்கும் அல்வா கொடுத்தார்களாம். கொடுக்க மாட்டார்களா?

சீனிச்சாமிக்கு டிராக்டர் ஓட்டிய பழக்கம் இருந்ததால் காரை வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டான். மாலை போட்டு, தொழுவத்தில் கயிற்றால் கட்டினார்கள். தீனி எந்தப் பக்கம் வைப்பது என்று பெரிய விவாதம் நடந்தது. முன்னால் மூடியைத் திறந்து பார்த்தால் ஒரே இரும்பும் குழாயும். பின்னால் டிக்கியைத் திறந்தால் தாராளமாக இடம்.

"இந்த ஜாதிக்கு வாய் பின்னாடிடா" என்று தீர்ப்புச் சொன்னான் கொண்டல்சாமி. தினமும் ஒரு படி பருத்திக்கொட்டை, மேலே கொஞ்சம் புண்ணாக்கு. மறுநாள் திறந்தால் அப்படியே கிடக்கும்.

"முழுங்கலையேண்ணே."

"அசை போடுதுடா. தொந்தரவு பண்ணாம மேல போட்டு மூடு."

கன்றுக்கு வழி செய்ய வேண்டுமே. பஞ்சாயத்துத் தலைவரின் சாம்பல் நிற ஜீப்புக்குப் பக்கத்தில் இரண்டு நாள் காரை நிறுத்தினார்கள். நிறுத்திவிட்டு, மரியாதையாக மூவரும் வேறு பக்கம் திரும்பி நின்றார்கள். இதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன்.

ஆடி முடிவதற்குள் பருத்திக்கொட்டை மூட்டைக் கணக்கில் ஏறிவிட்டது. காரின் பின்பக்கம் தாழ்ந்து தரையைத் தொடப் பார்த்தது. அய்யாக்குட்டி குனிந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான், "அண்ணே, வயிறு இறங்கியிருக்கு. உள்ளே ஏதோ அசையுது."

மூவரும் டிக்கியில் காதை வைத்தார்கள். கீச் கீச்சென்று கேட்டது. தீனி இருக்கிற இடத்துக்கு எலி வராமல் இருக்குமா? ஆனால் அது தெரிய வேண்டுமானால் மண்டையில் ஏதாவது இருக்க வேண்டும்.

"ரெண்டு மாசத்துலயா?" என்றான் சீனிச்சாமி.

"வேகமா ஓடுற ஜாதிடா. எல்லாமே வேகமாத்தான் இருக்கும்."

பெண் பார்க்கிற ஞாயிறும் வந்தது. பட்டுச் சட்டையோடு வந்து நின்றான் கொண்டல்சாமி. தம்பிகள் இருவரும் காரில் ஏறவில்லை.

"சினையா இருக்கிறதை ஓட்டுறது பாவம்ண்ணே."

"கார் இல்லாம போனா பொண்ணு கிடையாதேடா."

"காரோட போகணும்னுதானே சொன்னாரு? கார்ல போகணும்னு சொல்லலையே."

அது சரியாகத்தான் பட்டது. முன்னால் கயிறு கட்டி கொண்டல்சாமி இழுத்தான். அய்யாக்குட்டி பின்னால் தள்ளினான். சீனிச்சாமி வெளியே நடந்தபடி ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங் வளையத்தைத் திருப்பினான். ஆலங்கரடு ஆறு கிலோமீட்டர். போய்ச் சேரும்போது மணி மூன்று. நல்ல நேரம் போய், ராகு காலம் வருவதற்குப் பாய் விரித்துக் கொண்டிருந்தது. பட்டுச் சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் வரும்.

வாசலில் தவசிலிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் பிச்சுமணி, முகத்தில் ரத்தம் இல்லை.

"கார் ரிப்பேரா?" என்று கேட்டார் தவசிலிங்கம்.

"ஆமான்னு சொல்லு, ஆமான்னு சொல்லு" என்று பிச்சுமணி வாயை மட்டும் அசைத்தார்.

கொண்டல்சாமி கதவிடுக்கில் தெரிந்த பச்சைச் சேலையைப் பார்த்தான். ஒன்பது வீட்டிலும் பிச்சுமணி சொன்னபடி பொய் சொல்லியிருக்கிறான். ஒன்பதும் போயிற்று. இனி நோட்டில் வீடும் இல்லை. கயிற்றை விடாமல் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான், "ரிப்பேர் இல்லைங்க மாமா. சினையா இருக்கு. ஏறி வர மனசு வரல."

பிச்சுமணி நோட்டை மூடி இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் வருகிறதா என்று பார்த்தார்.

தவசிலிங்கம் படியிறங்கினார். காரைச் சுற்றி வந்தார். பின்பக்கம் குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அப்புறம் காதை வைத்தார்.

"எத்தனை மாசம்?" என்று கேட்டார்.

"ரெண்டு முடிஞ்சிருச்சு மாமா."

"ரெண்டு மாசத்துலயே இவ்வளவா? ரெட்டையா இருக்கும்."

உள்ளேயிருந்து பெண்ணின் குரல் வந்தது. "அதை ஏன்ப்பா வெயில்ல நிக்க வச்சிருக்கீங்க? நிழலுக்குக் கொண்டு வரச் சொல்லுங்க. நான் தண்ணி எடுத்துட்டு வாரேன்."

அந்தக் குரலிலேயே கொண்டல்சாமிக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. ஜாடிக்கேற்ற மூடியாக ஆண்டவன் எங்கெங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறான் பாருங்கள். சீரைப் பற்றிப் பேச்சு வந்தபோது கன்றில் பாதி வேண்டும் என்றார் மாமனார். அந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாதே என்று மாப்பிள்ளை தவித்தான். துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசி, பாதிக்குக் கொஞ்சம் குறைவாக முடித்தார்கள்.

கல்யாணமாகி மூன்றாம் நாள், தீனி வைக்க டிக்கியைத் திறந்த செண்பகவடிவு எல்லாரையும் கூப்பிட்டாள். பருத்திக்கொட்டைக்குள் விரல் அளவில் ஏழு, கண் திறந்த நிலையில்.

"சாம்பல் நிறம்ண்ணே" என்றான் அய்யாக்குட்டி. "அப்படியே தலைவர் ஜீப்பு ஜாடை."

"வாலும் இருக்குடா. தாய்க்கு இல்லாதது" என்று கொண்டல்சாமி உருகினான்.

மாமனார் வீட்டுக்கு மூன்று போயின. நான்கு இங்கே நின்றன. சேதி கேட்டு மேலாளர் ஞானதுரை காரைப் பார்க்க வந்தார். கொண்டல்சாமி ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினான். தன் கையெழுத்தைத் தானே இரண்டு தடவை படித்துவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டு, எழுந்து நடந்தார். யாரும் பின்னாலிருந்து கூப்பிடவில்லை.

நான்கும் தொழுவத்தில் நன்றாக வளர்கின்றன. சக்கரம் மட்டும் இன்னும் முளைக்கவில்லை. அதற்குத்தான் அஞ்சு வருஷம் பேசி வாங்கியிருக்கிறோமே என்கிறார்கள். மணலூத்துப் பக்கம் போனால் ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள். பூனையை மட்டும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.