மிதக்குமா, முங்குமா?

தவமணி ஊர் ஊராகப் போய் ஆசிரியர்களுக்கு அறிவியல் செய்முறை கற்றுக்கொடுப்பவள். ஒரு வாளி, மெழுகுவத்தி, பலூன், காலி பாட்டில். அவளுடைய ஆய்வுக்கூடமே அவ்வளவுதான். அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர் செல்லப்பாண்டி வாத்தியார். ஆனாலும் அவளைத்தான் குருவாக வரித்திருந்தார். அதில் அவருக்கு வெட்கம் கிடையாது.

ஒரு நாள் பஸ் பிடித்து அவளைத் தேடி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"டீச்சர், இந்தச் செய்முறையெல்லாம் இனிமே வேணாம்னு நினைக்கிறேன்."

"என்ன ஆச்சு சார்?"

"மிதக்குமா முங்குமா நடத்துனேன். ஆளுக்கொரு சாமான் வீட்ல இருந்து கொண்டாரச் சொன்னேன். நாலாப்பு முத்தரசி ஒரு ரப்பர் செருப்பு கொண்டாந்தா. அவ அண்ணனோடது."

அண்ணன் அழகர் போன மாதம் கல்குவாரிக் குட்டைக்குக் குளிக்கப் போனவன். பிணமாகத்தான் வந்தான்.

"செருப்பு மிதந்துச்சு. பிள்ளைங்க எல்லாம் கை தட்டுச்சுங்க. அவ மட்டும், 'செருப்பு மிதக்குதே சார், அண்ணன் ஏன் முங்குனான்?'னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அதெல்லாம் கேக்கக் கூடாதுன்னேன். தண்ணியக் கொட்டிட்டேன்."

பெரியவர்கள் எல்லோரிடமும் கைவசம் இருக்கிற பதில்தான். அவரை மட்டும் குற்றம் சொல்லி என்ன செய்ய.

"அன்னையிலருந்து அவ வாயே தொறக்கல டீச்சர். மத்த பிள்ளைகளும் ஒண்ணும் கேக்குறதில்ல. பதினோரு நாளாச்சு."

தவமணி அடுத்த பஸ்ஸிலேயே அவருடன் கிளம்பினாள்.

பள்ளி வராந்தாவில் வாளி நிறையத் தண்ணீர் வைத்தாள். முத்தரசியைக் கூப்பிட்டு, மூடி போட்ட காலி மருந்து பாட்டில் ஒன்றைக் கையில் கொடுத்தாள்.

"போடு."

மிதந்தது.

"உள்ள என்ன இருக்கு?"

"காத்து."

"இப்ப மூடியத் தொறந்து, சாய்ச்சுப் போடு."

குமிழி விட்டபடி பாட்டில் அடியில் போய் உட்கார்ந்தது.

"நம்ம நெஞ்சுக்குள்ளயும் காத்து இருக்கும்மா. அண்ணனுக்கு அதுல தண்ணி போயிருச்சு."

சிறுமி வாளிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி போறப்ப வலிச்சிருக்குமா டீச்சர்?"

தவமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை அவள் மறைக்கவில்லை.

"தெரியலம்மா."

முத்தரசி குமுறிக் குமுறி அழுதாள். வகுப்புத் தோழி ஒருத்தி ஓடி வந்து அவளை அணைத்து உள்ளே கூட்டிப்போனாள்.

செல்லப்பாண்டிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கல்லு மனசு டீச்சர் உங்களுக்கு. வலிச்சிருக்காதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சு போச்சு? பச்சப்புள்ள, நம்பியிருக்கும்ல?"

தவமணி வாளிக்குள் கைவிட்டுப் பாட்டிலை எடுத்தாள்.

"அந்த வார்த்தைய வீட்ல எல்லாரும் சொல்லியிருப்பாங்க சார். அதுக்கப்புறமும்தான் நம்மகிட்ட வந்து கேக்குது."