யாருக்கும் எழுதாத பங்கு

“சிஸ்டர், பங்குத் தகராறு.”

“அப்போ ஆயர் இல்லத்துக்குப் போங்க, அண்ணாச்சி. நான் ரொட்டி சுடுதவ.”

“அந்தக் கோயில் பங்கு இல்ல. பத்திரிகைப் பங்கு.”

கொரேரா அண்ணாச்சிக்கு அறுபது தாண்டிவிட்டது. தூத்துக்குடியில் பேக்கரி. மனசுக்குள் எது முள்ளாய்க் குத்தினாலும் நேரே மடத்து அடுக்களைக்குத்தான் வருவார். சிஸ்டர் டாஃப்னிக்கு அவருடைய மகள் வயதுகூட இராது. ஆனாலும் அவருக்குக் குரு சிஸ்டர்தான்.

அவரும் இன்னொரு பேக்கரிக்காரர் சேக்மதாரும் சேர்ந்து நடத்தும் மாதப் பத்திரிகை ‘அடுமனை’. பேக்கரிக்காரர்களுக்கென்றே வருவது. ரெண்டு பேருக்கும் சம பங்கு. கொஞ்சம் பங்கை மட்டும் யார் பேருக்கும் எழுதாமல் விட்டிருந்தார்கள்.

“எதுக்கு விட்டீங்க?”

“பின்னாடி யாராவது நல்ல ஆள் வந்தா சேத்துக்கலாம்னு. இப்போ அதை அவன் கேக்கான். குடுத்தா அவன் கை ஓங்கிரும். அதான் நானும் கேக்கேன்.”

“கிறிஸ்மஸ் இதழ்?”

“அச்சுக்குப் போகல. அவன் கையெழுத்துப் போட மாட்டேங்கான். நானும்தான்.”

“ரெண்டு பேரும் பேசிக்கிடுதீங்களா?”

“அவன் கடை இருக்க தெரு வழியாவே நான் போறதில்ல. சுத்திப் போறேன். முழங்கால் வலி வேற.”

சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மாவைப் பிசைந்தார்.

“சிரிக்காதீங்க. ஒரு வழி சொல்லுங்க. அந்தப் பங்கு சும்மா கிடக்கப்போய்த்தானே இம்புட்டுச் சண்டை? யார் பேர்லயாவது எழுதி முடிச்சிரணும்.”

“எதையும் சும்மா போட்டு வைக்கக் கூடாதுங்கீங்க.”

“கூடாது.”

“சரி.”

பிசைந்த மாவை சிஸ்டர் இரண்டு ரொட்டியாக உருட்டித் தட்டில் வைத்தார். பிறகு மூலையில் ஈரத்துணி போட்டு மூடியிருந்த ஜாடியைத் திறந்தார். புளித்த வாசம் குப்பென்று வந்தது. உள்ளே இருந்ததை ஒட்ட வழித்தெடுத்து, பாதிப் பாதியாக அந்த ரெண்டு ரொட்டியோடும் அப்பினார்.

தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்புக்கு நடந்தார்.

அண்ணாச்சிக்கு முழங்கால் மறந்துபோயிற்று. பாய்ந்துபோய்த் தட்டைப் பிடித்தார்.

“என்ன சிஸ்டர் செய்யுதீங்க? அது தாய்மாவுல்லா. அதையும் சுட்டுத் தின்னுட்டா நாளைக்கு மாவு எதை வச்சுப் புளிக்கும்?”

“சும்மாதானே கிடந்துச்சு, அண்ணாச்சி.”

தட்டின் ஒரு விளிம்பு சிஸ்டர் கையில். மறு விளிம்பு அவர் கையில்.

முதலில் அண்ணாச்சியின் தொப்பை குலுங்கியது. அப்புறம்தான் சிரிப்பு வெளியே வந்தது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சிஸ்டரும் சேர்ந்துகொண்டார்.

தாய்மாவை அவரே கிள்ளியெடுத்து ஜாடிக்குள் போட்டார். ஈரத்துணியை இழுத்துவிட்டு, பிள்ளையைத் தூங்கவைப்பதுபோல மேலே ரெண்டு தட்டு தட்டினார்.

ரொட்டி வெந்து வரும்வரை உட்கார்ந்திருந்தார். சூட்டோடு ஒன்றைத் துண்டில் பொதிந்துகொண்டு எழுந்தார்.

“வீட்டுக்கா?”

“இல்ல.”

“முழங்காலோட எம்புட்டுத் தூரம் சுத்திப் போவீங்க? ஆட்டோ கூப்பிடட்டா?”

“எதுக்கு சிஸ்டர்? நேர்த்தெருவுல போனா சேக்மதார் கடை கிட்டத்தான்.”